மெட்டுக்கு யார் தலைக்கட்டு?

(பழவேற்காட்டில் மீனவக் கிராம இளைஞர்கள் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. வெளியூர்க்காரரிடம் 'பாடு' என்றால் பாட்டுப் பாடுவதை நினைப்பார். இல்லையென்றால் தான் படுகிற பாட்டை நினைப்பார். இங்கே பாடு என்பது ஏரியில் வலை கட்டும் இடம், அந்த இடத்துக்கான முறை. யாருக்கு எந்த இடம், எப்போது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வது.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தப் பாட்டு முறையில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, ஏரி எவருடைய தனிச்சொத்தும் இல்லை. நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாமல் சுற்றி வருகிறது. உலகமெங்கும் பொதுவளத்தைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் இதைப் பாராட்டி எழுதுகிறார்கள். இரண்டு, சீட்டில் பெயர் எழுத வேண்டுமானால் நீங்கள் பட்டினவர் குப்பத்தின் தலைக்கட்டாக இருக்க வேண்டும். இதே ஏரியை நம்பிப் பிழைக்கிற தலித் மீனவருக்கும், தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் எடுக்கிற இருளர் பெண்ணுக்கும் அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. "ஏரி எல்லாருக்கும் பொது" என்று சொல்லிக்கொண்டே, அந்த 'எல்லாரும்' யார் என்பதைப் பிறப்பை வைத்து முடிவு செய்வது.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெட்டின் உரிமை பற்றிய சட்டமும் இப்படித்தான் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. உள்ளே போக ஒரு தலைக்கட்டு வேண்டும்.

எழுதாத மெட்டு, இல்லாத மெட்டு

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்தான் பாட்டுக்கும் பொருந்துகிறது. பத்திரிகைகள் இதைக் காப்புரிமை என்றும் எழுதுகின்றன. ஒரு திரைப்பாட்டில் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரிக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. மெட்டின் உரிமை அதை அமைத்தவருக்கு. அவர் வாழும் காலமும், இறந்தபின் 60 ஆண்டுகளும். ஒலிப்பதிவின் உரிமை அதைப் பதிவு செய்ய முன்கை எடுத்த தயாரிப்பாளருக்கு.

1957இல் இந்தச் சட்டம் வந்தபோது 'இசைப் படைப்பு' என்றால் என்ன என்று ஒரு வரையறை சொன்னது. அச்சிட்டிருக்க வேண்டும், எழுதியிருக்க வேண்டும், அல்லது வேறு வகையில் குறியீடாக வரைந்திருக்க வேண்டும். அதாவது சுரக்குறிப்பு எழுதினால்தான் அது இசைப் படைப்பு. வாயில் பிறந்து காதில் தங்கும் மெட்டு, சட்டத்தின் கண்ணில் படைப்பே இல்லை. 1994 திருத்தத்தில்தான் அந்த வரையறை மாறியது. சுதந்திர இந்தியாவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், எழுதத் தெரிந்தவரின் இசையே இசை.

எழுத்தும் சுரக்குறிப்பும் யார் கையில் இருந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும் அம்பாப் பாட்டை எந்தக் கிழவர் சுரப்படுத்தி வைத்தார்? ஒப்பாரியையும் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் எந்தக் கிழவி அச்சுக்குக் கொடுத்தாள்? சாதி அவர்களுக்கு எழுத்தை மறுத்தது. சட்டம் எழுத்தைக் கேட்டது.

பாடியவரின் நிலையும் அப்படித்தான். 1977இல் இசை உரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் திரைப்படத் தயாரிப்பாளர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தன் பங்குக்கு ஒரு குறிப்பு எழுதினார்: நம் நாட்டில் இசைக்கு உயிர் கொடுப்பது பாடுகிறவர்தான், அவருக்கு இந்தச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையே என்று. பாடுகிறவருக்கான உரிமை சட்டத்தில் ஏற அதற்குப் பின் இன்னும் 17 ஆண்டுகள் ஆயின.

'வீரா ராஜ வீரா' வழக்கு சொல்வது

சமீபத்திய வழக்கு ஒன்றைப் பார்ப்போம். 'பொன்னியின் செல்வன் 2' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த 'வீரா ராஜ வீரா' பாட்டு நீங்கள் கேட்டதுதான். துருபத் இசை மரபைச் சேர்ந்த டாகர் குடும்பத்தின் ஃபயாஸ் வாசிஃபுத்தீன் டாகர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தன் தந்தையும் பெரியப்பாவும் அமைத்த 'சிவ ஸ்துதி'யின் மெட்டுதான் இது என்றார். எதிர்த்தரப்பு, ராகமும் துருபத் மரபும் எவருக்கும் சொந்தமில்லை என்றது.

2025 ஏப்ரலில் தனி நீதிபதி டாகர் பக்கம் இடைக்கால உத்தரவு கொடுத்தார். சுரத்திலும் உணர்விலும் காதில் விழும் விதத்திலும் இரண்டும் ஒன்றே என்றார். படத்தில் அவர்களின் பெயரைப் போடவும், 2 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் கட்டிவைக்கவும் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நீக்கியது. காரணத்தைக் கவனியுங்கள். மெட்டு ஒன்றா வேறா என்ற இடத்தில் வழக்கு திரும்பவில்லை. டாகர் சகோதரர்கள் அதைப் பாடினார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. அவர்களே அதை அமைத்தார்கள் என்பதற்கு முதல் நோக்கில் போதிய சான்று இல்லை. பாடியவர் என்பதாலேயே படைத்தவர் ஆகிவிட மாட்டார் என்றது அமர்வு.

இது இடைக்கால நிலையில் சொன்னது, வழக்கின் இறுதி முடிவு இல்லை. இதில் ரஹ்மான் சரியா, டாகர் சரியா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எனக்குப் படுவது வேறு. டாகர் குடும்பத்துக்குத் தலைமுறைகளின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. அவர்கள் பாடியது ஒலிப்பதிவாக இருக்கிறது. டெல்லியில் வழக்கறிஞர் வைக்க முடிகிறது. அவர்களுக்கே 'நீ பாடினாய், படைத்தாய் என்பதற்கு என்ன சான்று' என்ற கேள்வி வருகிறது. அப்படியானால் கரையில் நின்று அம்பா எடுத்துக்கொடுத்த கிழவர் எந்தச் சான்றோடு போய் நிற்பார்?

இயந்திரத்தின் காது

"இப்போதுதான் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, யார் யாரைக் காப்பி அடித்தார் என்று அது சொல்லிவிடுமே" என்று கேட்பீர்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதல் வகை, ஒலியின் கைரேகை. டீக்கடையில் ஓடுகிற பாட்டை ஷாஸாம் செயலி கண்டுபிடிக்கிறதே, அதுதான். ஒலியில் எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று புள்ளி வைத்து, அந்தப் புள்ளிக்கோலத்தைத் தன் கிடங்கில் இருக்கும் கோலங்களோடு ஒப்பிடுகிறது. இது அதே ஒலிப்பதிவைத்தான் பிடிக்கும். அதே மெட்டை நீங்கள் வேறு சுருதியில் பாடினால் இந்த முறைக்குத் தெரியாது.

இரண்டாம் வகை, மெட்டின் வடிவம். 1975இல் டெனிஸ் பார்சன்ஸ் என்பவர் மெட்டுகளுக்கு ஒரு அகராதி போட்டார். சுரப் பெயரே வேண்டாம். முந்தைய சுரத்தைவிட ஏறுகிறதா, இறங்குகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று மட்டும் குறித்தால் போதும், பெரும்பாலான மெட்டுகளை அடையாளம் காணலாம் என்றார். நீங்கள் முனகினால் பாட்டைக் கண்டுபிடிக்கும் இன்றைய தேடலுக்கு அடிப்படை இதே எண்ணம்தான்: எந்தச் சுருதியில் பாடினாலும் ஏற்ற இறக்கத்தின் வடிவம் மாறாது.

ஆனால் நம் பாட்டில் சுரம் படிக்கட்டு மாதிரி நிற்பதில்லை, அலை மாதிரி வழுக்குகிறது. ஒப்பாரியில் ஒரு இழுப்பு இரண்டு சுரங்களுக்கு நடுவில் எங்கோ நின்று அழும். அதைப் பன்னிரண்டு கட்டத்துக்குள் போட்டு எண்ணாக்கினால் அழுகை உதிர்ந்துவிடும், எலும்பு மட்டும் மிஞ்சும். எலும்பை வைத்துப் பார்த்தால் தொடர்பே இல்லாத இரண்டு பாட்டுகள் ஒன்றாகத் தெரியும். உண்மையில் எடுத்தாண்ட பாட்டு வேறாகத் தெரியும்.

எலும்பு எவ்வளவு எளிதாக ஒத்துப்போகும் என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் டேமியன் ரீல் என்ற வழக்கறிஞரும் நோவா ரூபின் என்ற நிரலாளரும் சேர்ந்து, எட்டு சுரங்களை வைத்துப் பன்னிரண்டு சுர நீளத்தில் வரக்கூடிய எல்லா மெட்டுகளையும் கணினியை வைத்து எழுதித் தள்ளினார்கள். மொத்தம் சுமார் 6,870 கோடி. எல்லாவற்றையும் பொதுவுக்கு விட்டுவிட்டார்கள். மெட்டு என்பது முடிவுள்ள ஒரு கணக்கு, அதில் ஒருவர் வேலி போட்டால் மற்றவர் பாட முடியாது என்று காட்டுவதற்காகச் செய்தார்கள். அதனால்தான் நீதிமன்றங்கள் ஒற்றுமை மட்டும் போதாது என்கின்றன. நகல் என்று நிறுவ, எடுத்தவர் மூலத்தைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டா என்றும், எடுத்தது மூலத்தின் முக்கியப் பகுதியா என்றும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 1978இன் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கு முதல், சாதாரண ரசிகர் இரண்டையும் பார்த்தால் ஒன்றின் நகல் மற்றொன்று என்று உணர்வாரா என்பது முக்கிய அளவுகோல்.

இயந்திரத்தைப் பற்றி இன்னொரு செய்தி உங்களுக்கு நேரடியாக உதவும். 2007இல் யூடியூப் தொடங்கிய 'கன்டென்ட் ஐடி' முறை, நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு காணொளியையும் தன் கிடங்கோடு ஒப்பிடுகிறது. அந்தக் கிடங்கில் மாதிரி கொடுக்கும் வசதி எல்லாருக்கும் கிடையாது. பெரிய இசை நிறுவனங்களைப் போன்றவர்களுக்குத்தான். இப்போது நினைத்துப் பாருங்கள். உங்கள் பாட்டியின் தாலாட்டு மெட்டு ஒரு படத்தில் வருகிறது. நிறுவனம் அதைக் கிடங்கில் சேர்க்கிறது. நாளை நீங்கள் பாட்டியைப் பாடவைத்து ஏற்றினால், உரிமை கோரும் அறிவிப்பு யாருக்கு வரும்? பாட்டிக்கு! இயந்திரம் யார் முதலில் பாடினார் என்று பார்ப்பதில்லை. யார் முதலில் பதிந்தார் என்றுதான் பார்க்கிறது. இதுவும் ஒரு தலைக்கட்டுப் பட்டியல்.

பெயர் போன இடம், காசு போன இடம்

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு தொழிலாளி 1939இல் ஜோகனஸ்பர்கில் 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். உரிமைக்காக அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அந்த மெட்டு அமெரிக்காவுக்குப் போய்ப் பெயர் மாறி, 1961இல் பெரும் வெற்றி பெற்று, 1994இல் டிஸ்னியின் 'லயன் கிங்' படத்திலும் ஏறியது. லிண்டா 1962இலேயே வறுமையில் இறந்துபோனார். அவருடைய மகள்கள் தரப்பு 2004இல் வழக்குப் போட்டு 2006இல் உடன்பாடு பெற்றது. அதற்கு அவர்களுக்குக் கைகொடுத்தது 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுச் சட்டத்தில் கிடந்த ஒரு பழைய விதி: எழுதியவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தால் உரிமை வாரிசுக்குத் திரும்பும் என்பது. ஒலிப்பதிவு இருந்தது, பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது. அதனால்தான் அந்தச் சிறிய நியாயமாவது கிடைத்தது.

நம் பக்கம் 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. நிலமில்லாத உழைப்பாளியாக இருந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அந்தப் பாட்டு வந்ததாக அறிவு சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. பா.ரஞ்சித் கேள்வி கேட்டார், பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலேயே அந்தப் பாட்டு மேடையேறியது. மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அறிவும் சந்தோஷ் நாராயணனும் தீயும் வெவ்வேறாகச் சொன்னார்கள். 2024இல் வருமானம் எதுவும் கைக்கு வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டு! அந்த மூவரில் யார் பக்கம் நிற்கிறோம் என்பதை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்: ஒரு தலித் கலைஞரின் பாட்டு உலகத்துக்குப் போகும்போது முதலில் விடுபட்டுப்போனது அவருடைய முகம்.

பிறகு இளையராஜா. 2017இல் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு அவர் தரப்பு நோட்டீஸ் அனுப்பியபோதும், 2024இல் 'மஞ்சுமல் பாய்ஸ்' படக்குழுவுக்கு அனுப்பியபோதும் வந்த பேச்சு நினைவிருக்கும். "இவ்வளவு சம்பாதித்தும் பேராசை" என்றார்கள். ஒப்பந்தத்தில் யாருக்கு என்ன உரிமை என்பது நீதிமன்றம் பார்க்க வேண்டியது, அதில் அவர் தோற்கவும் கூடும். ஆனால் வீட்டு வாடகை கேட்கிறவரைப் பேராசைக்காரர் என்று நாம் சொல்வதில்லை. பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒருவர் தன் உழைப்புக்குக் கணக்குக் கேட்டால் மட்டும் "கலைக்கு விலையா" என்ற தத்துவம் பிறக்கிறது. கலையை இலவசமாகக் கொடுப்பது யாருடைய கடமை என்று இந்தச் சமூகம் முன்பே முடிவு செய்துவைத்திருக்கிறது. சாவு வீட்டில் பறை அடித்தவனுக்குக் கூலி கொடுக்காமல் சாராயம் கொடுத்த சமூகம் இது.

அதே நேரம் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு பெரிய இசையமைப்பாளராக இருந்தாலும், மக்களிடமிருந்து எடுத்த மெட்டின் மேல் தனியுரிமை கோர முடியாது. அவர் புதிதாகச் சேர்த்ததற்குத்தான் சட்டம் உரிமை தருகிறது. அதை நாம் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும்.

இரண்டு பொறிகள்

நாம் விழுந்துவிடக் கூடாத இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி, "நாட்டுப்புறப் பாட்டு எல்லாருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்பது. கேட்க முற்போக்காக இருக்கிறது. இந்த ஏரிக்கரையில் இருப்பவர்களுக்குப் 'புறம்போக்கு' என்ற சொல்லின் கதை தெரியும். ஊருக்குப் பொதுவான நிலம் என்பதுதான் பொருள். அதை வசைச்சொல்லாக்கி, யாரும் கேட்க ஆளில்லாத நிலம் என்று மாற்றி, துறைமுகத்துக்கும் சாம்பல் கொட்டவும் எடுத்தார்கள். எண்ணூர் கழிமுகத்தின் கதை அதுதானே? மெட்டிலும் அப்படித்தான். மக்களிடமிருந்து எடுக்கும்போது அது பொது. எடுத்தவர் பதிந்த பிறகு அது நிறுவனத்தின் சொத்து.

இரண்டாம் பொறி நம் பக்கத்திலிருந்து வருகிறது. "இது எங்கள் சாதியின் பாட்டு, எங்கள் சாதிக்கே உரிமை" என்பது. கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மெட்டைச் சாதியின் சொத்தாக்கினால், சாதியை மெட்டின் காவலாளி ஆக்குகிறோம். பறை இந்தச் சாதிக்கு, நாகசுரம் அந்தச் சாதிக்கு, அம்பா இன்ன குப்பத்துக்கு என்று பிறப்போடு தொழிலைக் கட்டுவதைத்தான் அண்ணல் அம்பேத்கர் உடைக்கச் சொன்னார். பாட்டு முறையில் இருளர் பெண்ணுக்குச் சீட்டு இல்லை என்று சொல்லும் அதே விதியை நாம் பாட்டுக்கும் எழுதிவிடக் கூடாது. அம்பாப் பாட்டை இருளர் பிள்ளையும் பாடட்டும், பார்ப்பனப் பிள்ளையும் பாடட்டும். பாடும்போது எங்கிருந்து கற்றேன் என்று சொல்லட்டும். அதில் காசு வந்தால் கற்றுக்கொடுத்தவருக்குப் பங்கு போகட்டும்.

உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு 2024 மே மாதத்தில் மரபு அறிவு பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தது. மரபணு வளமும் அதோடு சேர்ந்த மரபு அறிவும் அதில் உண்டு. பாட்டும் கூத்தும் அதில் இல்லை. ஆகவே மேலிருந்து சட்டம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். இருக்கிற சட்டத்தில் கைக்கு எட்டுவதைப் பிடிப்போம்.

நாளைக் காலையில் செய்யக்கூடியது

ஒன்று, நீங்களே பதிவு செய்யுங்கள். பதிவு செய்ய முன்கை எடுத்தவருக்குத்தான் ஒலிப்பதிவின் உரிமை, 60 ஆண்டுகளுக்கு. நகரத்திலிருந்து ஒருவர் மைக்கோடு வந்து உங்கள் தாத்தாவைப் பாடவைத்தால், அந்தப் பதிவின் சொந்தக்காரர் அவர். உங்கள் கையில் இருக்கும் போனில் நீங்கள் எடுத்தால், சொந்தக்காரர் நீங்கள். பாடியவரின் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றார் என்பதைப் பாட்டுக்கு முன்னால் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதியுங்கள். இன்றைக்கு அது ஒரு நிமிட வேலை. நாளை நீதிமன்றத்தில் அதுதான் சான்று. இயந்திரப் படகும் விசையும் வந்தபின் சேர்ந்து இழுக்கும் வேலை குறைந்துவிட்டது, வேலையோடு பாட்டும் குறைகிறது. பாடத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது.

இரண்டு, பாடுகிறவருக்கு உரிமை உண்டு என்று ஊரில் சொல்லுங்கள். மெட்டு அவர் அமைத்ததாக இல்லாவிட்டாலும், அவர் பாடிய அந்தப் பாடலின் மேல் 50 ஆண்டுகள் நிகழ்த்துநர் உரிமை உண்டு. அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்வதும் அதை விற்பதும் சட்ட மீறல். ஆய்வாளரோ இயக்குநரோ யார் வந்தாலும், என்ன எடுக்கிறார், எதற்கு, யார் பெயர் போடுவார், வருமானத்தில் எவ்வளவு பங்கு என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வாங்குங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்று, உங்களில் கானா கட்டுகிறவர்கள், ராப் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள். 2012 திருத்தத்துக்குப் பின், வரி எழுதியவருக்கும் மெட்டு அமைத்தவருக்கும் ராயல்டிப் பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாக உங்களிடம் கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது. ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினர் ஆகுங்கள். பாட்டு வெளிவருவதற்கு முன்பே, யாருக்கு வரியில் எவ்வளவு, மெட்டில் எவ்வளவு என்று நண்பர்களுக்குள்ளும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நட்பு கெடும் என்று தயங்காதீர்கள். எழுதாமல் விட்டு நட்புக் கெட்டதைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்.

நான்கு, இந்தப் பதிவுகளுக்கு ஊரில் ஒரு பொதுப் பட்டியல் வையுங்கள். அதில் பெயர் சேர்க்கத் தலைக்கட்டு கேட்காதீர்கள். குப்பத்து ஆண்கள் மட்டும் இல்லாமல், மீன் விற்கிற பெண், இருளர் குடியிருப்புப் பாட்டி, தலித் தெருவின் பறைக் கலைஞர், பழவேற்காட்டின் முஸ்லிம் வீடுகளில் கல்யாணப் பாட்டுப் பாடுகிறவர் என எல்லாரும் அதில் இருக்க வேண்டும். பழவேற்காட்டின் பாட்டு என்று நாளை உலகம் சொன்னால், அந்தப் பெயருக்குள் இவர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. பாளையக்காட்டு லுங்கி இந்த ஊர்ப் பெயரோடுதான் கடல் கடந்தது. அதை நெய்த ஒருவர் பெயரும் அதோடு போகவில்லை. அதே துறையிலிருந்து டச்சுக்காரர்கள் மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி படேவியாவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் பாடிக்கொண்டு போன பாட்டு என்னவென்று இன்று எவருக்கும் தெரியாது.

பெயர் இல்லாமல் போனவர்கள் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்கு முதலில் போவது என்று இப்போதே முடிவு செய்துகொண்டு கலையுங்கள்.

ஜெய்பீம்.